பள்ளியை விட்ட பிள்ளைகளுக்கான திட்டம்: மேம்படுத்த நிதி கேட்பவர்கள் கவனிக்க வேண்டியவை

14 முதல் 18 வயதுக்குள் பள்ளியை விட்ட, அல்லது விடும் நிலையில் இருக்கும் பிள்ளைகளோடு வேலை செய்யும் சிறு தொண்டு நிறுவனங்கள் நிதி கேட்டு எழுதும் புரொபோசல்கள் பலவற்றில் ஒரே வாய்ப்பாடுதான். போன வருடம் 60 பேர், இந்த வருடம் 150 பேர், ஆகவே இவ்வளவு பணம். கொடுப்பவர்களுக்கும் எண்ணிக்கை பிடிக்கும் என்பதால் சில சமயம் இது எடுபடவும் செய்யும். ஆனால் 60 பேரில் பாதிக்கு மேல் நடுவில் நழுவிப்போகிற திட்டத்தை 150 பேருக்கு விரித்தால், நழுவுகிறவர்கள்தான் கூடுவார்கள். மேம்பாட்டுக்கென்று நிதி கேட்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, தன் பிள்ளைகள் எந்த இடத்தில் கைவிட்டுப் போகிறார்கள் என்பதை. கேட்கிற பணம் அந்த இடத்துக்கானதாக இருக்க வேண்டும்.

இங்கே சொல்வது பெரும்பாலும் தமிழ்நாட்டில் பதிவான டிரஸ்ட் அல்லது சொசைட்டி, கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணத்தை, அதாவது சமூகப் பணிக்கென்று அவை சட்டப்படி செலவழிக்க வேண்டிய பணத்தை, கேட்கும் நிலையை வைத்து. அரசு மானியம், வெளிநாட்டு நிதி பற்றிப் போகிற போக்கில் கொஞ்சம் வரும்.

பதிவேட்டில் தேடுவது

ஒரு வருடத்தின் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒரே தாளில் ஏற்றுங்கள். ஆறு கட்டம் போதும்: வீடு தேடிப்போய்ப் பேசியவர்கள், மையத்துக்கு நான்கு வாரம் தொடர்ந்து வந்தவர்கள், பள்ளியிலோ ஐடிஐயிலோ திறந்தநிலைப் பள்ளியிலோ சேர்ந்தவர்கள், சேர்ந்து மூன்று மாதம் கழித்தும் போய்க்கொண்டிருப்பவர்கள், தேர்வுக்குப் பணம் கட்டியவர்கள், தேர்வு எழுதியவர்கள். உதாரணத்துக்கு 60 – 45 – 38 – 24 – 21 – 19 என்று ஒரு கணக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பேர் குறைவார்கள்தான். ஆனால் 38 பேர் 24 ஆவது தனியாகத் தெரிகிறது. முதல் படியிலும் 15 பேர் போயிருக்கிறார்கள் என்றாலும், அவர்களில் பலர் ஊர் மாறியவர்கள், வயது தாண்டியவர்கள், ஆரம்பத்திலேயே விருப்பம் இல்லாதவர்கள். சேர்த்துவிட்ட பிறகு போன 14 பேர் அப்படி இல்லை. அவர்கள் மீது உழைப்பு கொட்டியாகிவிட்டது; பள்ளிக்குள் கால் வைத்தும் ஆயிற்று. புரொபோசல் அந்த 14 பேரைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

இந்தத் தாளைப் போடும்போது சொல் விளக்கத்தை முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். ‘இடைநின்றவர்’ என்றால் தொடர்ந்து 30 வேலை நாள் வராதவர். ‘நிலைத்தவர்’ என்றால் அடுத்தடுத்து மூன்று மாதம், ஒவ்வொரு மாதமும் 75 சதவீத நாட்களாவது வந்தவர். இப்படி எழுதி வைக்காவிட்டால் களப்பணியாளர் ஒரு கணக்குச் சொல்வார், ஒருங்கிணைப்பாளர் இன்னொன்று சொல்வார், வருடக் கடைசியில் கம்பெனியிலிருந்து வருகிறவர் மூன்றாவது ஒன்றைக் கண்டுபிடிப்பார்.

அடுத்தது, அந்த 14 பேர் ஏன் போனார்கள் என்பது. பிள்ளையைக் கேட்டால் ‘படிப்பு ஏறல’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். வீட்டில் கேட்டால் ‘சகவாசம் சரியில்லை’. இரண்டுமே பொய்யில்லை, ஆனால் இரண்டையும் வைத்துத் திட்டம் போட முடியாது. வருகைப் பதிவைத் தேதி வாரியாக விரித்து, பக்கத்தில் தினசரி நாள்காட்டியை வைத்துப் பாருங்கள். ஆவணியிலும் தையிலும் வைகாசியிலும் ஒரே பையன்கள் முகூர்த்த நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் காணாமல் போயிருப்பார்கள். கேட்டரிங் வேலை. முதல் நாள் இரவே மண்டபத்துக்குப் போய், விடியற்காலை டிபனிலிருந்து மதியப் பந்தி வரை பரிமாறி, கையில் காசும் வயிற்றில் சாப்பாடுமாக வீடு திரும்புவார்கள். முதலில் மாதம் மூன்று நாள், பிறகு ஆறு நாள், பிறகு வகுப்பில் என்ன நடக்கிறது என்றே புரியாது. தையல், பனியன் கம்பெனி இருக்கிற ஊர்களில் இதே வளைவு தீபாவளிக்கு முந்தின ஆறு வாரங்களில் தெரியும். மே மாத விடுமுறையில் துணிக்கடைக்கோ பெயின்ட் வேலைக்கோ போனவர்கள் ஜூனில் திரும்பாதது எல்லா ஊருக்கும் பொது.

இப்படிப் பார்த்த பிறகு தீர்வும் வேறு மாதிரி வரும். ஊக்கமூட்டும் கூட்டம் போட்டால் கேட்டரிங் நிற்காது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தப்படி 14 வயதுக்குக் கீழே எந்தத் தொழில் நிறுவனத்திலும் வேலைக்கு வைக்க முடியாது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் வைக்க முடியாது. மற்ற இடங்களிலும் இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. கேட்டரிங்குக்கு ஆள் பிடிக்கிறவர்கள் ஒரு பேட்டையில் மிஞ்சிப்போனால் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். முதலிலேயே ரெய்டு, புகார் என்று போனால் பையன் அடுத்த ஏரியாவுக்குப் போய்விடுவான். சட்டத்தை எடுத்துச் சொல்லி, 18 வயது ஆகாத பையனை ராத்திரி மண்டபத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்த வைப்பதும், விட்ட பாடத்தை அதே வாரத்தில் மாலையில் உட்கார வைத்துச் சொல்லித் தருவதும், அந்த வீட்டுக்கு வர வேண்டிய அரசு உதவியை வாங்கித் தருவதும் சேர்ந்தால்தான் வருகை மேலே வரும். மூன்றுக்கும் ஆள் வேண்டும். புரொபோசலில் கேட்க வேண்டியது அந்த ஆளின் நேரத்தை.

அரசு கொடுப்பதை நிதியாளரிடம் கேட்காதீர்கள்

வறுமையில் இருக்கும் குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு என்று ஊக்கத்தொகை கேட்கும் புரொபோசல்கள் நிறைய. மிஷன் வாத்சல்யா என்ற அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் ஸ்பான்சர்ஷிப் உதவித்தொகை மாதம் 4,000 ரூபாய் ஏற்கெனவே இருக்கிறது. தந்தையை இழந்த குழந்தை, கணவனால் கைவிடப்பட்ட தாயின் குழந்தை, பெற்றோர் கடும் நோயில் கிடக்கும் குழந்தை போன்றவர்களுக்கு 18 வயது வரை. குடும்ப வருமானம் கிராமப்புறத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுத்தால் ஆட்சியர் தலைமையிலான குழு ஒப்புதல் தரும். பணம் ஒதுக்கீட்டைப் பொறுத்து வரிசையில் வரும் என்பது வேறு விஷயம்.

இதில் சிக்குவது எங்கே என்றால், காகிதத்தில். வருமானச் சான்று, தந்தையின் இறப்புச் சான்று, பள்ளியின் பயில்வுச் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு. தந்தை வேறு ஊரில் இறந்திருப்பார், சான்று வாங்கியே இருக்க மாட்டார்கள். கைவிட்டுப் போனவருக்கு இறப்புச் சான்றும் இல்லை, விவாகரத்துத் தாளும் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுதித் தர வேண்டும். ஒரு குடும்பத்துக்கு இதை முடித்துத் தர நான்கைந்து நடையும் சில நூறு ரூபாயும் ஆகும். கிடைத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வருடத்துக்கு 48,000 ரூபாய். நிதியாளரிடம் சொல்ல இதைவிட நல்ல கணக்கு இல்லை: உங்கள் பணத்தில் ஒரு களப்பணியாளர் வருடத்தில் 15 குடும்பங்களுக்கு இதை வாங்கித் தந்தால், அவர்களுக்கு வருவது ஆண்டுக்கு 7,20,000 ரூபாய்.

படிப்புப் பக்கத்திலும் இதே கதை. 14 வயது வரை கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பதும் சிறப்புப் பயிற்சி தருவதும் அரசின் கடமை. அதற்கு இணையாகத் தனி மையம் நடத்தப் பணம் கேட்டால், விவரம் தெரிந்த நிதியாளர் கேள்வி கேட்பார். 14-க்கு மேல்தான் உண்மையான பள்ளம். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். அந்தத் தேதியைக் கோட்டைவிட்டால் ஒரு வருடம் போச்சு. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்ஐஓஎஸ்ஸில், ஐந்து பாடம், வருடம் இரு முறை தேர்வு, பதிவு ஐந்து வருடம் செல்லும், பாடம் பாடமாக எழுதித் தேறலாம். வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிற பிள்ளைக்கு இதுதான் தோது. பள்ளிக்கே திரும்புகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: எமிஸ்ஸில், அதாவது பள்ளிக்கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவேட்டில், பெயர் பழைய பள்ளியிலேயே நிற்கும். பழைய பள்ளி டிசி கொடுத்து, பெயரை பொதுத் தொகுப்புக்குத் தள்ளிவிட்டால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். தலைமையாசிரியர் இருவரும் போனில் பேசினால் பத்து நிமிட வேலை. பேசாவிட்டால் பிள்ளை மூன்று வாரம் வீட்டிலிருக்கும், அதற்குள் மேஸ்திரி கூப்பிட்டுவிடுவார்.

ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளை

மேம்பாட்டு நிதியில் பேரம் நடப்பது இந்த இடத்தில்தான். 30 பிள்ளைக்கு ஒரு களப்பணியாளர் என்று போட்டால், ஏன் 80 பேரைப் பார்க்கக் கூடாது என்று கேட்பார்கள். கோபப்பட வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள். மாதம் 24 வேலை நாள், நாளுக்கு 8 மணி, ஆக 192 மணி நேரம். பிள்ளை ஒன்றுக்கு மாதம் இரண்டு வீட்டுச் சந்திப்பு. போய்வரும் நேரம், குறிப்பு எழுதும் நேரம் சேர்த்து ஒன்றுக்கு ஒன்றேகால் மணி. 30 பிள்ளைக்கு 75 மணி நேரம். மீதியில் பள்ளிக்குப் போவது, அலுவலகங்களுக்கு நடப்பது, மாலை வகுப்பு, அவசரத்துக்கு ஓடுவது. 80 பிள்ளை என்றால் வீட்டுச் சந்திப்புக்கு மட்டுமே 200 மணி நேரம். மாதத்தில் அவ்வளவு நேரமே கிடையாது. அப்படியும் 80 போட்டால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்: சந்திப்புப் படிவம் சாயங்காலம் ஆபீசில் உட்கார்ந்து நிரப்பப்படும்.

60 பிள்ளைகளுக்கான பட்ஜெட் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்கு, ஊருக்கு ஊர் மாறும். களப்பணியாளர் இருவர், மாதம் 18,000 வீதம், வருடத்துக்கு 4,32,000. பிஎஃப், இஎஸ்ஐக்குள் வரும் நிறுவனமானால், முழுச் சம்பளத்துக்கும் பிடிக்கும்போது, முதலாளி பங்கு 13 சதவீதமும் 3.25 சதவீதமும், தலைக்கு மாதம் 2,925, இருவருக்கும் வருடத்துக்கு 70,200. மறந்துபோகும் தொகைகளில் முதலிடம் இதற்குத்தான். மறந்தால் பிறகு போக்குவரத்துச் செலவிலிருந்து வெட்டி எடுக்க வேண்டி வரும். ஒருங்கிணைப்பாளரின் பாதி நேரம் 1,68,000. மனநல ஆலோசகர் மாதம் ஆறு நாள், நாளுக்கு 1,500, ஆக 1,08,000. களப் போக்குவரத்து 60,000. தேர்வுக் கட்டணம், சான்றுகள், புத்தகம் பிள்ளைக்கு 2,500 வீதம் 1,50,000. அவசர நிதி 60,000. பெற்றோர் கூட்டம் 24,000, ஊழியர் பயிற்சி 24,000, இரண்டு டேப்லெட் 28,000, ஆறு மாதம் கழித்தும் ஒரு வருடம் கழித்தும் போய்ப் பார்க்கும் பின்தொடர் ஆய்வு 45,000, ஆடிட் 20,000. வாடகை, மின்சாரம், கணக்காளர் பங்கு 95,000. மொத்தம் 12,84,200.

பிள்ளை ஒன்றுக்கு 21,403 ரூபாய். கம்பெனி அதிகாரி உடனே வகுத்துப் பார்ப்பது இந்த எண்ணைத்தான், இது அதிகம் என்பார். நாம் காட்ட வேண்டிய வகுத்தல் வேறு. 60-இல் 24 பேர் நிலைத்தால், நிலைத்த பிள்ளை ஒன்றுக்கு ஆன செலவு 53,508. 36 பேர் நிலைத்தால் 35,672. 45 பேர் என்றால் 28,538. அதே பணத்தில் யாருக்கு எவ்வளவு பயன் என்பதை இந்த வரிசைதான் சொல்கிறது. ஆனால் இலக்காக 45 என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். 24-இல் இருக்கிற திட்டம் ஒரே வருடத்தில் 36-ஐத் தொட்டாலே பெரிய விஷயம்; அதை எழுதுங்கள்.

இந்தப் பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவது அவசர நிதியும் ஆலோசகரும் பின்தொடர் ஆய்வும். வெட்டும்போது சும்மா இருந்துவிடக் கூடாது. அவசர நிதி என்பது நள்ளிரவில் வீட்டைவிட்டு வந்த பெண்ணுக்கு ஆட்டோ, காய்ச்சலில் கிடக்கும் பையனுக்கு மருந்து, தேர்வுக்கு முந்தின நாள் தொலைந்த சான்றுக்கு நகல். ஒரு முறைக்கு 2,000 ரூபாய் வரம்பு, இருவர் கையெழுத்து, 48 மணி நேரத்தில் பில் அல்லது வவுச்சர் என்று விதியை எழுதி இணைத்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். விதியில்லாமல் ‘இதர செலவு’ என்று போட்டால் கட்டாயம் வெட்டுவார்கள். வெட்டுவதும் நியாயம்தான்.

நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். சிஎஸ்ஆர் விதியில் அந்த 5 சதவீதம், கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலையை நிர்வகிக்க ஆகும் பொதுச் செலவுக்கான உச்சவரம்பு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதற்குள் வராது. இதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம். அதைவிட நல்லது, ‘நிர்வாகம்’ என்ற தலைப்பையே தவிர்த்து, ஒருங்கிணைப்பாளர் வாரம் என்ன செய்கிறார் என்று எழுதிவிடுவது: ஆறு கேஸ் ஃபைல் சரிபார்ப்பு, இரண்டு பள்ளிச் சந்திப்பு, ஒரு ஊழியர் கூட்டம்.

பணம் வரும் காலம்

நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவழிக்க வேண்டும். இது 2013 கம்பெனிகள் சட்டம் 135-ஆம் பிரிவு. பணம் வாங்கும் நிறுவனத்துக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு, கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிந்து வாங்கும் சிஎஸ்ஆர்-1 எண், ஒத்த வேலையில் குறைந்தது மூன்று வருட அனுபவம் வேண்டும். சிஎஸ்ஆர்-1 படிவத்தை ஆடிட்டரோ கம்பெனி செகரட்டரியோ டிஜிட்டல் கையெழுத்திட்டுச் சான்றளிக்க வேண்டியிருப்பதால், புரொபோசல் கொடுக்கும் வாரத்தில் தொடங்கினால் ஆகாது.

நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. இந்த இடைவெளிதான் பல நல்ல திட்டங்களைக் கெடுக்கிறது. கம்பெனியில் செலவாகாத பணம் ஜனவரியில் கண்ணுக்குத் தெரியும், பிப்ரவரியில் போன் வரும், மார்ச் 31-க்குள் செலவுக் கணக்கு வேண்டும் என்பார்கள். 40 நாளில் எந்தப் பிள்ளையும் நிலைத்துவிடாது. வாங்க முடிந்ததெல்லாம் பொருள்தான்: பை, டேப்லெட், டீ-ஷர்ட், பேனர். அந்த அழைப்பு வரும்போது ‘நடப்புத் திட்டமாக’ வைத்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். போர்டு ஒப்புதலோடு நடப்புத் திட்டம் என்று வைத்தால், தொடங்கிய நிதியாண்டு போக மூன்று ஆண்டு வரை அது ஓடலாம். செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றினால் போதும். கம்பெனியில் கையாள்பவர் புதியவரானால் இது அவருக்கே தெரியாமலிருக்கும். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அவர் தங்கள் நிதிப் பிரிவில் கேட்டுக்கொள்வார்.

தவணையிலும் சூதானம் தேவை. 40-40-20 என்று ஒப்பந்தம் போட்டு, இரண்டாம் தவணை ஆறு மாத ரிப்போர்ட்டுக்குப் பிறகு என்றால், ரிப்போர்ட் சரிபார்த்து, கமிட்டி கூடி, பணம் வருவதற்குள் எட்டாவது மாதம் ஆகிவிடும். முதல் 40 சதவீதம் ஐந்தாவது மாதத்திலேயே முடிந்திருக்கும். சம்பளம் மூன்று மாதம் தள்ளிப்போனால் நல்ல களப்பணியாளர் வேறு வேலை தேடிக்கொள்வார். அவரோடு 30 பிள்ளைகளின் நம்பிக்கையும் போய்விடும். புதியவர் வந்து முதல் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவே இரண்டு மாதம் ஆகும். ஆகவே 50-30-20 கேளுங்கள். ‘ரிப்போர்ட் பெற்ற 30 நாளுக்குள் அடுத்த தவணை’ என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். தலைப்புகளுக்குள் 10 சதவீதம் வரை முன் அனுமதியின்றி மாற்றிக்கொள்ளலாம் என்ற வரியும் வேண்டும். இல்லாவிட்டால் தேர்வுக் கட்டணம் உயர்ந்த மாதத்தில் 3,000 ரூபாய்க்கு ஏழு மெயில் எழுத நேரும்.

வெளிநாட்டு நிதி பற்றிச் சுருக்கமாக. எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு உள்ள நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதை 2020 திருத்தம் தடுத்துவிட்டது; நிர்வாகச் செலவும் 20 சதவீதத்துக்குள். பெரிய நிறுவனத்தின் கீழ் சிறியவர்கள் களத்தில் வேலை பார்த்த பழைய ஏற்பாடு இதனால் நின்றுபோனது. யாராவது அப்படிப் பிரித்துத் தருவதாகச் சொன்னால் முதலில் ஆடிட்டரிடம் போங்கள்.

போட்டோ, ஆதார், பெயர்ப் பட்டியல்

நிதி கொடுத்தவர்கள் போட்டோ கேட்பார்கள். சட்டத்துக்கு முரண்பட்ட (குற்றம் செய்ததாகச் சொல்லப்படும்) குழந்தை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை, குற்றத்துக்கு ஆளான அல்லது சாட்சியான குழந்தை, இவர்களில் யாருடைய அடையாளத்தையும் ஊடகத்திலோ வேறு வடிவத்திலோ வெளிப்படுத்தக் கூடாது என்பது 2015 இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவு. ஆண்டறிக்கையில் முகம் தெரிகிற படம், ‘கஞ்சாவிலிருந்து மீண்ட மாணவர்’ என்று கீழே ஒரு வரி: ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்க இது போதும். அதே தெருவில் யாரோ அதை வாட்ஸாப்பில் பார்ப்பார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே படக் கொள்கையை இணைத்துவிடுங்கள். கைகள், நோட்டுகள், பின்பக்கம், மையத்தின் சுவர், ஊழியர்கள், இவ்வளவுதான். பிறகு மறுப்பதைவிட முன்பே சொல்வது எளிது.

பயனாளிப் பட்டியலோடு ஆதார் நகல் அனுப்பச் சொல்வதும் உண்டு. எண் குறியீடு, வயது, பாலினம், பேட்டை, சேர்ந்த தேதி மட்டும் அனுப்புங்கள். அசல் ஃபைலை ஆடிட்டர் நேரில் வந்து ஆபீசில் பார்க்கட்டும், நகல் வெளியே போகக் கூடாது. இதைக் காரணத்தோடு சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஊழியர் பயிற்சிக்குப் போட்ட 24,000 ரூபாயில் ஒரு நாளாவது போக்சோவுக்கு ஒதுக்க வேண்டும். குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது 19-ஆம் பிரிவின்படி கட்டாயம். மறைத்தால் தண்டனை உண்டு. களப்பணியாளரிடம் ஒரு பெண் ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா’ என்று ஆரம்பிக்கும்போதே, எதை ரகசியமாக வைத்திருக்க முடியும், எதை முடியாது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அது பயிற்சியில்லாமல் வராது.

ரிப்போர்ட்

விழிப்புணர்வுக் கூட்டம் 24, பங்கேற்றோர் 1,900 என்று எழுதுவது சாமியானாவுக்கும் மைக்குக்கும் கணக்குக் காட்ட உதவும். மேம்பாட்டு நிதியின் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டியது ஆறு கட்டத் தாள், போன வருடம் ஒரு வரிசை, இந்த வருடம் ஒரு வரிசை. கீழே, நழுவியவர்கள் எத்தனை பேர், எந்த மாதம், என்ன காரணம். தோற்றதை எழுதினால் அடுத்த வருடம் பணம் வராது என்ற பயம் பலருக்கு. எல்லாமே 98 சதவீதம் என்று காட்டும் ரிப்போர்ட்டை நாலு திட்டம் பார்த்த எந்த அதிகாரியும் நம்புவதில்லை. ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி அல்லது அதற்கு மேல் சிஎஸ்ஆர் கடமையுள்ள கம்பெனிகள், 1 கோடி அல்லது அதற்கு மேற்பட்ட திட்டங்களுக்கு வெளியாள் வைத்துத் தாக்க மதிப்பீடு, அதாவது திட்டத்தால் என்ன பலன் என்ற ஆய்வு, செய்தே ஆக வேண்டும். சிறிய திட்டங்கள் அதில் வராது என்றாலும், உங்கள் எண்களை யாராவது வந்து தோண்டினால் நிற்க வேண்டும் என்ற நினைப்பில்தான் எழுத வேண்டும்.

டேப்லெட் போன்ற பொருட்களுக்கு வாங்கிய தேதி, விலை, சீரியல் எண், யார் கையில் இருக்கிறது என்று சொத்துப் பதிவேடு வையுங்கள். களப்பணியாளர் வேலையை விடும் நாளில் கடைசிச் சம்பளத்துக்கு முன் டேப்லெட் திரும்ப வர வேண்டும், அதிலுள்ள கேஸ் குறிப்புகளோடு.

பின்தொடர் ஆய்வில் வழக்கமாகத் தடுக்குவது ஒரே காரணத்தால்: போன் எடுக்காது. சிம் மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும், பேட்டையையே இடித்துப் புறநகரில் குடியமர்த்தியிருப்பார்கள். சேர்க்கைப் படிவத்திலேயே மூன்று எண் வாங்குங்கள்: அம்மா அல்லது அப்பா, வேறு வீட்டிலிருக்கும் அத்தை, சித்தி, பாட்டி போல ஒருவர், அந்தக் குடும்பத்துக்குப் பழக்கமான கடைக்காரர் அல்லது ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மூன்றையும் அடித்துப் பார்த்து, செல்லாததை மாற்றுங்கள். மூன்றாவது எண்ணில் பேசும்போது எந்த நிறுவனம், என்ன திட்டம் என்று சொல்லக் கூடாது. ‘டியூஷன் சென்டரிலிருந்து’ என்றால் போதும்.

புதுப்பிப்புக் கோரிக்கையை ஒன்பதாவது மாதத்தில், அரையாண்டுத் தேர்வு வருகையோடு கொடுங்கள். பன்னிரண்டாவது மாதம் வரை காத்திருந்தால் கம்பெனியின் அடுத்த வருட ஒதுக்கீடு முடிந்திருக்கும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஆளில்லாமல் போகும். பையன்கள் துணிக்கடைக்கும் பெயின்ட் வேலைக்கும் போகிற மாதங்கள் அவைதான்.